கேமரா இறக்குகிறவன்

திருச்செங்கோட்டில் பாதிப்பேர்
பூமியைத் துளைக்கப் போனார்கள்.
நான், துளைத்ததற்குள் எட்டிப் பார்க்கிறவன்.
ஒரு ஆம்னி வண்டி, ஆயிரம் அடி கேபிள்,
எலுமிச்சை அளவு கேமரா,
அதைச் சுற்றிப் பொடி விளக்குகள்.
மோட்டார் எங்கே சிக்கியிருக்கிறது,
கேசிங் எத்தனையாவது அடியில் கீறியிருக்கிறது,
டிவியில் காட்டி ரசீது கொடுப்பேன்.

ஒரு விதி உண்டு.
கலங்கின போரில் இறக்கக் கூடாது.
கம்ப்ரசர் போட்டுச் சேறெல்லாம் தள்ளி,
தெளிந்த தண்ணீர் வரும்வரை காத்திருக்கணும்.
அவசரப்படும் தோட்டக்காரர்களிடம் சொல்வேன்:
"சேத்துக்குள்ள என்னத்தைங்க பாக்கறது?"

அண்ணன் செங்கோட்டுவேலு ரிக்கில் டிரில்லர்.
ராய்ப்பூர், ஜபல்பூர், அதற்கும் அக்கட்டால.
ரத்தம் போனதை இரண்டு வருஷம்
சூடு என்றான்.
இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்தால்
சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்றான்.
வெந்தயம், மோர், சோற்றுக் கற்றாழை,
ஜபல்பூரில் எவனோ கொடுத்த மூலப் பொடி.
பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது
ஈரல்வரை போயிருந்தது.
ஐம்பத்திரண்டு வயசு.
வெளியே வரும் தூளின் நிறம் பார்த்தே
அறுநூறு அடிக்குக் கீழே என்ன பாறை
என்று சொல்லத் தெரிந்தவன்.

காரியமெல்லாம் முடிந்து ஃபைல் வாங்கப் போனேன்.
"கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"
டாக்டர் கேட்டார்.
மூணு, என்றேன்.
இனி ரெண்டு.
"உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்குதுங்களா?"
"ஒண்ணும் இல்லீங்க."
"இல்லாதப்பத்தான் பாக்கோணும்."

எட்டு மாதம் தள்ளிப் போட்டேன்.
சைட் இருந்தது.
மழை இல்லை; அப்புறம் மழை வந்தது.
வெட்கமும் இருந்தது,
அதை யாரிடம் காரணமாகச் சொல்ல?
வண்டிக்கு எஃப்சி மட்டும்
ஒரு நாள் பிசகாமல் காட்டினேன்.

குமாரபாளையம் பக்கம் ஒரு போர்.
இரண்டு இஞ்ச் தண்ணீர், ஒரு குறையும் இல்லை.
மோட்டார் மாற்றும்போது
சும்மா பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள்.
நாற்பத்தி ரெண்டாவது அடியில் கேசிங் கீறல்.
அதன் வழியே முடி மாதிரி ஒரு வேர்.
"தண்ணி நல்லாத்தானே வந்துட்டிருந்துது?"
வந்துட்டுத்தான் இருந்துதுங்க, என்றேன்.
கேபிளைச் சுருட்டாமலேயே
ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

முந்தின ராத்திரி
உப்பும் எலுமிச்சையுமாக என்னவோ ஒன்று,
இரண்டு லிட்டர்.
பதினோரு தடவை.
கதவுக்கு வெளியே வீட்டுக்காரி,
"தெளிஞ்சுதுங்களா?"
விடிகாலை நாலு மணிக்குத் தெளிந்தது.
தொழில்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊசி போட்டார்கள்.
வாழ்நாளெல்லாம் ஊரான் வீட்டு டிவியைப் பார்த்தவன்
என்னுடையது ஓடும்போது தூங்கிவிட்டேன்.
விழித்ததும் ஒரு படம் தந்தார்கள்.
ரோஸ் நிறச் சுவரில் இரண்டு மொட்டு,
மழைக்கு மறுநாள் வரும் காளான்போல.
கிள்ளியெடுத்தாகிவிட்டது.
"விட்டிருந்தா, பத்து வருசத்துல
வேற பேரு வெச்சிருக்கும்.
மூணு வருசம் கழிச்சு மறுபடி வாங்க."
ரசீதைப் பார்த்தேன்.
என் ரேட்டைவிட எத்தனையோ மடங்கு.
ஆழம் வெறும் அஞ்சடி.

தங்கச்சி வசந்தாமணி சங்ககிரியில் இருக்கிறாள்.
சொன்னதும், "சீ, போண்ணா" என்று போனை வைத்தாள்.
ஒன்றும் பேசாமல் படத்தை மட்டும் அனுப்பினேன்.
"காளானா?" என்று கேட்டாள்.
"நம்ம வயித்துல மொளைச்சது."
பதில் இல்லை.
ஆடி போயிற்று, ஆவணி போயிற்று.

நேற்று ராத்திரி ஒரு மணிக்குப் போன்.
பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம்,
அதற்கு நடுவில் அவள்:
"ணா, இன்னும் கலங்கலாத்தான் வருது."

தெளியட்டும் புள்ள, என்றேன்.
நான் லைன்லயே இருக்கறேன்.